வளர்மதி மேடம் திருத்திய பட்டியல்

செய்தி வந்தபோது நாமக்கல் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அழைத்தவர் முருகேசன், வளர்மதி மேடத்தின் தம்பி. "அக்கா போயிருச்சுங்க. காலையில காப்பி குடிச்சுது. பேப்பரை மடிச்சு வெச்சுது. அப்பறம் கூப்பிட்டாப் பேச்சில்லை." நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வண்டி வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. இந்தக் குறிப்பை எழுத மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். இது நான்காவது தடவை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அவர் தடய அறிவியல் ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரிவை நடத்திய அதிகாரி. கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கம் சிலருக்கு, காடு கழனி பார்த்த குடும்பத்திலிருந்து படித்து வெளியே போன பிள்ளை. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் கேட்டால் 'எச்சில் டாக்டர்' என்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஆய்வகத்து நடைவழியில் வழக்குக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுவார். கூட நடந்தால்தான் பதில் கிடைக்கும். என்ன சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை பேர்ல?" ஒருமுறை பேளுக்குறிச்சி டீக்கடையில் ஒரு பெரியவர், "மலைக்காரங்க எல்லாருமே கோவக்காரங்கம்மா" என்றார். மேடம் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை மலைக்காரங்களைத் தெரியும்?"

"ஒரு ரெண்டு பேரு."

"அந்த ரெண்டு பேர்கிட்ட நீங்க எப்படிப் பேசினீங்க?"

பெரியவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். ஆனால் அது அவருக்கு வேடிக்கைப் பேச்சு இல்லை, தொழில்.

அந்தத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு துணியில் கிடைத்த டி.என்.ஏ. ஒருவருடைய டி.என்.ஏ.வோடு பொருந்துகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதே டி.என்.ஏ. வரிசை வேறு எத்தனை பேருக்கு இருக்கக்கூடும் என்பது மீதிப் பாதி. அதைச் சொல்ல, அந்தந்தப் பகுதி மக்களிடம் முன்கூட்டியே எச்சில் மாதிரிகள் வாங்கி, எந்த வரிசை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஒப்பீட்டுப் பட்டியல் என்று பெயர். வழக்கு வரும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இது அபூர்வமா, சாதாரணமா என்று சொல்வார்கள். "பொருந்துதுன்னு மிஷினே சொல்லிடும். எத்தனை பேருக்குப் பொருந்தும்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார் மேடம். கொல்லிமலைப் பகுதிக்கான பட்டியலைத் தயாரித்தவரும் அவரே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் செய்த முதல் பெரிய காரியம் அது.

ஆலத்தூர் நாட்டில் ஒரு மழைக்காலத்தில், கீழே சமவெளியிலிருந்து வந்த மிளகு வியாபாரி ஒருவர் தோட்டத்துப் பாதையோரம் அடிபட்டு இறந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு பழைய துண்டு கிடந்தது. அதற்கு முந்தின வாரம் வெள்ளையன் என்ற விவசாயி, தராசு சரியில்லை என்று அந்த வியாபாரியோடு நடுரோட்டில் சண்டை போட்டிருந்தார். ஊரே பார்த்த சண்டை. போலீஸ் வெள்ளையனைப் பிடித்தது. துண்டு தன்னுடையது இல்லை என்று அவர் சொன்னார். துண்டு ஆய்வகத்துக்குப் போனது.

வீட்டில் பெண்களும் எடுத்துப் புழங்கிய துண்டாக இருக்க வேண்டும். பலருடைய டி.என்.ஏ. கலந்து குழம்பியிருந்தது. ஆண்களுக்கு மட்டும் உள்ள, அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்கிவரும் பகுதி மட்டும் தெளிவாகப் படிக்கக் கிடைத்தது. அது வெள்ளையனுடையதோடு பொருந்தியது. மாவட்ட நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி மேடம் சொன்னது இரண்டு வாக்கியம். துண்டில் உள்ள ஆண்வழி வரிசை வெள்ளையனுடையதோடு ஒத்துப்போகிறது. கொல்லிமலைப் பகுதிக்கான ஒப்பீட்டுப் பட்டியலில் இந்த வரிசை ஒருவரிடமும் காணப்படவில்லை.

சாட்சியம் முடிந்து, பத்திரிகைக்குச் செய்தி எழுத வந்திருந்த என்னோடு வெளியே வந்தவரை ஒரு பெண் வழிமறித்தார். நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றார். வெள்ளையனின் அக்கா பாவாயி. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வாழைத்தாரும் மிளகும் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பவர்.

"ஏனுங்க மேடம், எங்க ஆளுங்ககிட்ட எல்லாம் எடுத்து வெச்சிருக்கறதாச் சொன்னீங்களே, எப்ப எடுத்தீங்க? எங்கூர்ல ஒருத்தரும் குடுத்தாப்பல இல்லீங்களே."

"மலைக்கு வரலைம்மா. பேளுக்குறிச்சிச் சந்தையில எடுத்தோம். மலைக்காரங்க அங்கதானே எறங்குவாங்க."

"எத்தனை மணிக்குங்க?"

மேடம் நடையை நிறுத்தினார். "மேசை போடறப்போ பதினோரு மணி இருக்கும்."

பாவாயி சிரித்தார். அழுது சிவந்த கண்ணோடு ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நாங்க இருட்டோட எறங்கி, வித்துப்போட்டு, பத்து மணி பஸ்ஸுக்கு ஏறிப்போடுவோம் சாமி. அதை உட்டா நடைதான். பதினோரு மணிக்கு அங்க நிக்கறது விக்க வந்தவங்க இல்லீங்க, வாங்க வந்தவங்க. நீங்க எச்சில் வாங்குனது உங்க ஊர்க்காரங்ககிட்ட."

பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா, "ஏம்மா, அவங்க எவ்வளவு படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"படிச்சவங்களுக்கு பஸ் டைம் தெரியுமாங்க?" என்றார் பாவாயி.

மேடம் கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. வெள்ளையனுக்கு ஆயுள் தண்டனை.

தீர்ப்பு வந்த மறுவாரம் மேடம் என்னைத் தம்பி வீட்டுக்கு வரச் சொன்னார். சந்தைப் பதிவின் பழைய தாள்களை நடுவீட்டில் பரப்பி வைத்திருந்தார். தாளில் பெயரோ, சொந்த ஊரோ இல்லை. எண் மட்டும்தான் இருந்தது. மேலே 'கொல்லிமலைப் பகுதி' என்ற தலைப்பு அவர் கையெழுத்தில். அன்று மேசையருகில் நின்று ஆட்களைக் கூப்பிட்டு வந்தவர் முருகேசன். அவருக்கு அது பழைய கூத்து. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மத்தியானம் வரைக்கும் பாதிகூடத் தேறலை. நீதானே இன்னும் ஆளு வேணும், இன்னும் ஆளு வேணும்னு நின்னே. நம்ம தெரு மொத்தமும் நாந்தானே கூட்டியாந்தேன்."

"நம்ம தெருவா?"

"ஆமா. மெத்தை ஊட்டுக்காரர், மாவு மில்லுக்காரர், நம்ம சித்தப்பா. சித்தப்பாவை ரெண்டு தடவை நிக்க வெச்சேன்."

"ரெண்டு தடவையா?"

"குடுத்தவங்களுக்கு டீயும் பன்னும் குடுத்தீங்கல்ல? மனுசன் இன்னொரு பன்னு வேணும்னாரு."

மேடம் ஒரு தாளைத் தேடி எடுத்தார். அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒரே வரிசை இருந்தது. ஓரத்தில் 'இப்பகுதியில் பரவலாகக் காணப்படும் வகை' என்று இருபது வருடத்துக்கு முந்தைய வளர்மதி எழுதியிருந்தார். அதை எனக்குக் காட்டினார். "பரவல் இல்லைங்க. எங்க சித்தப்பா" என்றார். முருகேசன் மறுபடி சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மலை ஏற அன்றைக்கு ஜீப் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். சந்தையில் எடுத்தால் ஒரே நாளில் முடியும் என்பது இன்னொன்று. இரண்டையும் அவர் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு காரணம் பேசவில்லை. மலைக்காரர்கள் ஒருவரும் இல்லாத பட்டியலில் ஒரு மலைக்காரரின் வரிசையைத் தேடி, 'இல்லை' என்று சத்தியம் செய்து சொல்லியிருக்கிறோம் என்பதுதான் அவருக்கு முன்னால் இருந்த விஷயம். வெள்ளையன் சிறையில் இருந்தார்.

அதற்கப்புறம் நடந்தவை வேகமாக நடக்கவில்லை. ஆய்வகத்துக்கு எழுதினார், வெள்ளையனின் வக்கீலுக்கு எழுதினார், மேல்முறையீட்டில் மனுப் போட வைத்தார். நடுவில் பணி ஓய்வும் வந்துவிட்டது. ஓய்வு விழாவில் போர்த்திய சால்வையோடு வெளியே வந்து, "எப்போ மலைக்குப் போறோம்?" என்று என்னிடம் கேட்டார். ஆய்வகம் கடைசியில் புதிய பட்டியலுக்கு ஒப்புக்கொண்டு இரண்டு இளைய அதிகாரிகளை அவரோடு அனுப்பியது. என்னையும் கூப்பிட்டார், தீர்ப்பு வரும்வரை எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும். வண்டியை நிறுத்தச் சொல்லி, வளைவுக்கு வளைவு இறங்கி நடந்தார். நாங்கள் போய்ச் சேர இரு மடங்கு நேரமானது.

ஊர்க்கோயில் முன்னால் வெள்ளையனின் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி பங்காளி வீடு ஒன்று மறுத்தாலும் காரியம் நடக்காது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் நேராகவே கேட்டார்.

"ஏனுங்க, ஒருத்தன் உள்ள இருக்கான். அவனை வெளிய எடுக்க நாங்க அத்தனை பேரும் உள்ள வரோணுமா?"

"அந்தத் துண்டு உங்க பங்காளிங்க எல்லாருக்கும் பொருந்தும்னு நெனச்சுத்தான் வந்திருக்கேன். பொய் சொல்லிக் கேக்க மாட்டேன்" என்றார் மேடம்.

"பொருந்துச்சுன்னா போலீஸ் எங்க ஊட்டுக்கு வராதுங்களா?"

"வரலாம். பேர் என்கிட்ட இருந்தா வாங்கிட்டுப் போகலாம். அதனால பேர் எழுத மாட்டேன்."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "நம்பரு போடுவீங்கல்ல? எந்த நம்பரு யாருதுன்னு உங்க மண்டையில இருக்குமில்ல?"

மேடம் எழுந்து கோயில் முன்னால் நடக்கத் தொடங்கினார். அவர் போவதையும் வருவதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாகப் பெண்களோடு நின்றிருந்த பாவாயிதான் பேசினார்.

"கோயில் நோம்பிக்குச் சாமி தூக்க ஆளு எடுக்கறதுக்குச் சீட்டுப் போடறோமில்ல? அப்படிப் பண்ணுங்க. எச்சில் எடுக்கற குச்சியை எங்ககிட்டக் குடுங்க. அவங்கவங்க ஊட்டுக்குள்ள போய் எடுக்கட்டும். நாங்க மூட்டையில போட்டுக் குலுக்கித் தாரோம். அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பி உக்காரட்டும்."

"எச்சில் டாக்டர் திரும்பி உக்காருவாங்களா?" என்று யாரோ கேட்டார். பட்டப்பெயர் பிறந்தது அப்போதுதான்.

"உக்காருவேன்" என்றார் மேடம்.

அப்படித்தான் நடந்தது. காலை முழுக்கப் பாவாயிக்கும் இன்னும் நாலைந்து பெண்களுக்கும் பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உட்புறம் எப்படித் தேய்ப்பது, டியூப்பை எப்படி மூடுவது என்று கற்றுக்கொடுத்தார். பங்காளி வீடுகளுக்கு நீல மூடி, மற்றவர்களுக்கு வெள்ளை மூடி. அதற்கு மேல் அடையாளம் எதுவும் கிடையாது. கையுறையை மாட்டிப் பார்த்த பாவாயி, "மாட்டுக்குப் பிரசவம் பாக்கப் போறாப்பல இருக்குது" என்றார். ஒருவரோடொருவர் உறவில்லாதவர்களிடம் மட்டுமே மாதிரி எடுக்க வேண்டும் என்று விதி இருப்பதை இளைய அதிகாரி ஒருவர் தயக்கத்தோடு நினைவுபடுத்தினார். மேடம் சொன்னார்: "இந்த ஊர்ல உறவில்லாத ஆள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர்தான் தம்பி. அவரும் ராசிபுரத்துக்காரர். அந்த விதியை வெச்சா அவரை மட்டும் எண்ணிட்டுப் போகலாம்."

பிறகு பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். பின்னால் வீடு வீடாகக் கதவு திறந்து மூடும் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடைசியில் பாவாயி ஒரு சாக்கைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். "எண்ணிக்கங்க. யாரு எவருன்னு சாமிக்குத்தான் தெரியும்."

முடிவு வர சில மாதங்கள் ஆயின. ஒன்றிரண்டு டியூப்பில் ஒரே ஒரு இடத்தில் சின்ன மாற்றம். மற்றபடி நீல மூடி அத்தனையிலும் துண்டில் இருந்த அதே வரிசை. சந்தைப் பட்டியல்படி ஒருவரிடமும் இல்லாத வரிசை அந்த ஊரில் பங்காளி வீட்டுக்கு வீடு இருந்தது.

இதை எழுத்தில் கொடுத்தால் போதும் என்று வக்கீல் சொன்னார். மேடம் ஒப்பவில்லை. "தப்பை எந்த இடத்துல சொன்னேனோ அந்த இடத்துலதாங்க திருத்தணும். வேற இடத்துல சொன்னா அது திருத்தம் இல்லை, புலம்பல்." உயர் நீதிமன்றமும் கூடுதல் சாட்சியத்தை மாவட்ட நீதிமன்றத்திலேயே பதிவு செய்யச் சொன்னது. அதே கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டார்: "அப்படியானால் முன்பு இந்த நீதிமன்றத்தில் பொய் சொன்னீர்களா?"

"இல்லை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"இரண்டும் ஒன்றுதானே?"

"எனக்கு வேற. உள்ளே இருக்கறவருக்கு ஒண்ணுதான்."

துண்டு போனபின் மிஞ்சியது நடுரோட்டுச் சண்டை மட்டும். அது கொலைக்குச் சாட்சி ஆகாது என்று உயர் நீதிமன்றம் வெள்ளையனை விடுவித்தது. அதற்குள் அவர் சிறையில் இருந்தது ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கதை அங்கே நிம்மதியாக முடிந்துவிடவில்லை. ஒரு போலீஸ் அதிகாரி மேடத்தின் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நீல மூடிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார். "பேர் எழுதலீங்க" என்றார் மேடம். "உங்களுக்கு நினைவிருக்குமே மேடம்." "நான் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேங்க. அந்தச் செவுத்துல எத்தனை ஓட்டைன்னு கேளுங்க, சொல்றேன்." அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். மறுபடியும் வந்தார். அதே பதில்தான் கிடைத்தது.

இறந்துபோன வியாபாரியின் மகளும் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

"அப்ப எங்கப்பாவைக் கொன்னது யாருங்க?"

"தெரியலை கண்ணு."

"தெரியலைன்னு சொல்லத்தான் இத்தனை படிச்சீங்களா?"

"ஆமா கண்ணு. அதைச் சரியாச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாளாச்சு."

அந்தப் பெண் திரும்பிப் போனார். மேடம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார். "அந்தப் புள்ளைக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.  கொன்றவர் யார் என்பது இதுவரை தெரியவில்லை.

பழைய சந்தைப் பட்டியலை அழித்துவிடலாம் என்று ஆய்வகத்தில் யோசனை வந்தது. மேடம் தடுத்துவிட்டார். தப்பான பட்டியலை அழித்தால் தப்பு நடந்ததே தெரியாமல் போகும் என்றார். தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார். அவர் எழுதிக்கொடுத்த தலைப்பு இப்போதும் அப்படியே இருப்பதாக அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்: 'பேளுக்குறிச்சிச் சந்தையில் காலை பதினோரு மணிக்கு மேல் இருந்தவர்கள். ஒருவர் இரண்டு முறை எண்ணப்பட்டுள்ளார்.'

இனி, இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்ததற்கு வருகிறேன்.

விடுதலையான சில மாதம் கழித்து வெள்ளையனைப் பார்க்க மலைக்குப் போனேன். உபசரித்தார். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மடித்த கோடுகளில் நைந்திருந்தது.

"இதை எழுதுனது நீங்கதானுங்களே?"

நான்தான். மேடம் முதல் தடவை சாட்சி சொன்ன மறுநாள் வந்த செய்தி. 'வேறு எவருக்கும் பொருந்தாத டி.என்.ஏ.' என்பது தலைப்பு. மேடம் கூண்டில் அப்படிச் சொல்லவே இல்லை. பட்டியலில் காணப்படவில்லை என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை நான் ஒரே தாண்டலில் தாண்டியிருந்தேன்.

"கோர்ட்டு என்னை விட்டுருச்சுங்க. இந்தப் பேப்பர் இன்னும் விடலை" என்றார் வெள்ளையன். குரலை உயர்த்தவில்லை. "எம் புள்ளையைப் பொண்ணு கேட்டு வந்தவங்க போன்ல இதைத்தான் வெச்சிருந்தாங்க. விட்டுட்டாங்களேன்னு சொன்னேன். விட்டாங்க சரிங்க, ஆனா வேற யாருக்கும் பொருந்தாதுன்னு போட்டிருக்குதேங்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

விடுதலைச் செய்தியையும் நான்தான் எழுதியிருந்தேன். உள்பக்கத்தில் ஆறு வரி. அதை மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டார்: "விடுதலைன்னு எழுதினீங்க. நீங்க முன்னாடி எழுதினது தப்புன்னு எழுதினீங்களா?" இல்லை என்றேன். "ரெண்டும் வேறங்க. நான் கோர்ட்டுல திருத்திட்டேன். நீங்க எப்போ?"

ஆசிரியரிடம் கேட்கிறேன் என்றேன். இத்தனை வருடம் கழித்துத் திருத்தம் போட்டால் யாருக்குப் புரியும் என்றேன். பெரிய கட்டுரையாக எழுதும்போது சேர்த்துவிடலாம் என்றேன். சொன்னவை எல்லாம் உண்மைதான். அவற்றில் எதுவும் பதில் ஆகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு எதற்காகப் பேசினாலும், கால்வலி, மழை, முருகேசனின் பேத்திக்குக் காது குத்து, எதுவானாலும் கடைசியில் "எப்போ?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார். இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் பேசினோம். அன்று கேட்கவில்லை. சரிங்க என்று வைத்துவிட்டார். மறந்தாரா, விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்த கடைசி வார்த்தை அந்தச் 'சரிங்க'. அது என்னை உட்கார விடவில்லை.

காரியத்துக்குப் பாவாயி வந்திருந்தார். வெள்ளையன் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "தம்பி வரலைன்னுட்டான். அந்தம்மா மேல கோவமில்லைங்கறான். 'தப்புப் பண்ணுச்சு, வந்து ஒத்துக்கிச்சு, அதோட முடிஞ்சது. அங்க வந்தா இன்னொரு ஆளைப் பாக்கோணும்'ங்கறான்." சொல்லிவிட்டு, நேராக என்னைப் பார்க்காமல், பந்தல் காலைப் பார்த்தார்.

மேடத்திடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான். தவறு சொன்ன இடத்திலேயே திருத்தம் சொல்ல வேண்டும். இந்தக் குறிப்புக்கு ஞாயிறு இதழில் இடம் தருவதாக ஆசிரியர் சொன்னார். வேண்டாம், பழைய செய்தி வந்த அதே மாவட்டப் பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

ஆலத்தூர் நாட்டு விவசாயி வெள்ளையன் குறித்து, துண்டில் கிடைத்த டி.என்.ஏ. 'வேறு எவருக்கும் பொருந்தாது' என்று இந்தப் பக்கத்தில் என் பெயரில் வந்த செய்தி தவறு. ஆய்வக அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. அந்த வரிசை பட்டியலில் காணப்படவில்லை என்றே சொன்னது. அந்தப் பட்டியலில் அவருடைய ஊரைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை.